ப்ளூ கார்டா, ஐசிடியா, மாணவர் விசாவா: ஜெர்மன் குடியுரிமைக்கு எது சீக்கிரம்?

கேள்வி சுருக்கமாக: ஐடி வேலையில் இருப்பவர். இப்போதைய கம்பெனி ஐசிடி கார்டில் (ஒரே கம்பெனியின் வெளிநாட்டுக் கிளைக்கு மாற்றும் அனுமதி) இரண்டு வருடத்துக்கு ஜெர்மனி அனுப்பத் தயாராக இருக்கிறது. அங்கேயே உள்ள இன்னொரு கம்பெனி நேரடியாக வேலைக்கு எடுத்து ப்ளூ கார்ட் (உயர் தகுதி வேலைக்கான, சம்பள வரம்புள்ள அனுமதி) தருகிறேன் என்கிறது, சம்பளம் கொஞ்சம் குறைவு. தம்பி மாஸ்டர்ஸ் படிக்க அதே நாட்டுக்குப் போகிறான். யாருக்குக் குடியுரிமை முதலில் கிடைக்கும், எந்த விசா நல்லது?

குடியுரிமையைச் சீக்கிரமாக்கும் விசா என்று ஜெர்மனியில் ஒன்று கிடையாது. எதில் போய் இறங்கினாலும் ஐந்து வருடம் சட்டப்படி அங்கே குடியிருக்க வேண்டும். ப்ளூ கார்ட் இருந்தால் பாஸ்போர்ட் முன்னாலேயே வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது முன்னால் தருவது பிஆர், அதாவது காலவரையற்ற வசிப்பு அனுமதி, மட்டும்தான். குடியுரிமைக்கான வசிப்புக் காலம் முன்பு எட்டு வருடமாக இருந்தது. 2024 ஜூன் 27 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை ஐந்தாக்கியது, பழைய குடியுரிமையை விட வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்தது. நல்ல ஜெர்மனும் சிறப்பான பங்களிப்பும் இருந்தால் மூன்றே வருடத்தில் என்று ஒரு குறுக்குவழியும் அதில் இருந்தது. 2025 அக்டோபர் இறுதியில் அதை நீக்கிவிட்டார்கள். அதைப் புகழ்ந்து எடுத்த வீடியோக்கள் இன்னும் சுற்றுகின்றன, அவற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள். இன்று மூன்று வருடக் கணக்கு மிஞ்சியிருப்பது ஜெர்மன் குடிமகனையோ குடிமகளையோ மணந்தவர்களுக்கு: மூன்று வருட வசிப்பு, அதில் இரண்டு வருடமாவது திருமண வாழ்க்கை.

அப்படியானால் எல்லா விசாவும் ஒன்றா? இல்லை. நாள் எண்ணப்படுகிறதா என்பது ஒரு கேள்வி. கையில் இருக்கும் கார்டை வைத்து விண்ணப்பிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ‘மாணவர் விசா நாள் கணக்கில் வராது’ என்ற தவறான பேச்சு கிளம்புகிறது. மாணவராக இருந்த நாட்கள் குடியுரிமைக்கு முழுசாக எண்ணப்படும். ஆனால் மாணவர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு குடியுரிமை வாங்க முடியாது. படிப்பு, தொழிற்பயிற்சி, தகுதி அங்கீகாரம், வேலை தேடல், ஐசிடி ஆகிய கார்டுகளைக் குடியுரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு வெளியே நிறுத்துகிறது. ப்ளூ கார்ட், சாதாரண வேலை அனுமதி, சுயதொழில் அனுமதி, குடும்ப அனுமதி, பிஆர் ஆகியவை உள்ளே. அதாவது குடியுரிமைக்கு பிஆர் கட்டாயம் இல்லை, ப்ளூ கார்டிலிருந்து நேராகத் தாவலாம். இந்த நிபந்தனைகளை விண்ணப்பம் போடும் நாளில் மட்டுமல்ல, முடிவெடுக்கும் நாளிலும் பார்ப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். இடையில் ஒரு வருடம்கூட ஓடிவிடலாம்.

இந்த இரண்டுக்கும் அடுத்து, மூன்றாவது கணக்கு பிஆருடையது. அங்கே அதை நீடர்லாசுங்ஸ்எர்லவுப்னிஸ் என்பார்கள். இதுதான் விசாவுக்கு விசா மாறுகிறது. வசித்த நாளை விட, ஜெர்மன் ஓய்வூதிய நிதிக்குக் கட்டிய மாதங்களைத்தான் இது பெரும்பாலும் எண்ணும்.

ப்ளூ கார்டில் வேலை பார்ப்பவருக்கு 27 மாதம், ஏ1 (தொடக்க நிலை) அளவு ஜெர்மன் போதும். பி1 (இடைநிலை) சான்றிதழ் இருந்தால் 21 மாதம். பட்டதாரிகளுக்கான சாதாரண வேலை அனுமதி, வசிப்புச் சட்டத்தின் 18பி, அதில் இருப்பவருக்கு 36 மாதம், 36 மாத ஓய்வூதியக் கட்டணம், பி1 கட்டாயம். தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கான 18ஏ, அதற்கும் அதே கணக்கு. ஜெர்மனியிலேயே பட்டமோ தொழிற்பயிற்சியோ முடித்திருந்தால் அது 24 மாதமாகக் குறையும். இந்த வாய்ப்புகளுக்குள் வராதவர்களுக்குப் பொது விதி: ஐந்து வருடம், 60 மாதக் கட்டணம். அந்தப் பொது விதியில் மாணவராக இருந்த காலத்தில் பாதிதான் சேரும். குடியுரிமைக்கு முழு நாள், பிஆருக்குப் பாதி நாள். ஒரே காலத்தை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எண்ணுகிறார்கள்.

ப்ளூ கார்டின் சம்பள வரம்பு ஒவ்வொரு ஜனவரியும் ஏறும். 2025இல் வருடத்துக்கு 48,300 யூரோ, 2026இல் 50,700 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கும், பட்டம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கும் 2026 வரம்பு 45,934.20 யூரோ. ஐடி வேலை இந்தப் பற்றாக்குறைப் பட்டியலில் உண்டு. பட்டமே இல்லாவிட்டாலும் கடந்த ஏழு வருடத்தில் மூன்று வருட ஐடி அனுபவம் இருந்தால் அந்தக் குறைந்த வரம்பில் ப்ளூ கார்ட் கிடைக்கும். ஒரு வித்தியாசம் கவனிக்க: உயர் வரம்பைத் தாண்டிய சம்பளத்துக்கு வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் தேவையில்லை, குறைந்த வரம்பில் வந்தால் தேவை. அதற்குக் கூடுதல் வாரங்கள் பிடிக்கும்.

ஆஃபர் லெட்டரில் மொத்தத் தொகையைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். 46,000 நிலையான சம்பளம், 6,000 செயல்திறன் போனஸ், ஆக 52,000 என்று எழுதியிருந்தால், அதை 46,000 என்றுதான் படிப்பார்கள். உறுதியாகக் கொடுத்தே தீர வேண்டிய தொகைதான் கணக்கு. ‘சம்பளம் கொஞ்சம் குறைவு’ என்று கேள்வியில் இருக்கிறதே, அந்தக் ‘கொஞ்சம்’ வரம்புக்கு மேலா கீழா என்பதைக் கையெழுத்துக்கு முன் பார்த்துவிடுங்கள். நூறு யூரோ இடிக்கிறது என்றால், போனஸில் அதை வெட்டி அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கம்பெனிக்குச் செலவு ஒன்றும் கூடாது.

18பியைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. பொதுவான சம்பள வரம்பு கிடையாது, அதே வேலைக்கு ஜெர்மானியருக்குத் தரும் சம்பளம் தந்தால் போதும். முதன்முறை வரும்போது 45 வயது தாண்டியவர்களுக்கு மட்டும் தனி வரம்பு உண்டு. பட்டத்துக்கும் வேலைக்கும் நேரடிப் பொருத்தம் இருக்க வேண்டும் என்பதையும் 2023 நவம்பரில் தளர்த்திவிட்டார்கள். ப்ளூ கார்டுக்கோ படிப்புக்கு ஏற்ற வேலையாக இருக்க வேண்டும். இரண்டிலும் குடியுரிமை ஐந்து வருடம்தான். இழப்பு பிஆரிலும் வேலை மாறும் சுதந்திரத்திலும். ப்ளூ கார்டில் முதல் 12 மாதத்துக்குள் கம்பெனி மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் 30 நாள் வரை நிறுத்திவைத்து ஆராயலாம். பிறகு மாறுவதற்கு அனுமதி தேவையில்லை. 18பி கார்டில் கம்பெனி பெயரே அச்சாகி வரும், மாறுவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் புது இடத்தில் சேர்ந்தால் அது அனுமதியற்ற வேலை. பின்னால் குடியுரிமைக் கோப்பில் அந்த மாதங்கள் உறுத்தும். மனைவியோ கணவரோ கூட வருவதிலும் ஒரு வேறுபாடு: ப்ளூ கார்ட்காரரின் துணைக்கு விசாவுக்கு ஏ1 தேர்வு வேண்டாம், 18பிக்காரரின் துணைக்குப் பொதுவாக வேண்டும்.

இனி ஐசிடி. கம்பெனிக்குள்ளேயே கிளை மாற்றும் கார்ட். மேலாளருக்கும் நிபுணருக்கும் அதிகபட்சம் மூன்று வருடம். அதன் நோக்கமே திரும்பிப் போவது. கார்ட் கையில் இருக்கும்வரை குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது. பிஆர் கணக்கில் அதைவிடப் பெரிய ஓட்டை இருக்கிறது: சம்பளம் இந்தியப் பட்டியலிலேயே ஓடும், இந்திய வைப்பு நிதி அமைப்பான ஈபிஎஃப்ஓ தரும் காப்புச் சான்றிதழைக் காட்டி ஜெர்மன் ஓய்வூதியக் கட்டணத்திலிருந்து விலக்கு வாங்கிவிடுவார்கள். இரண்டு நாட்டிலும் இரட்டிப்பாகக் கட்டக்கூடாது என்பதற்காக இந்தியாவும் ஜெர்மனியும் போட்ட ஒப்பந்தம் இதற்கு இடம் தருகிறது. மாதா மாதம் கையில் வரும் தொகை கூடுதலாகத் தெரியும். ஆனால் இரண்டு வருடம் முடிந்து ஜெர்மன் ஓய்வூதியக் கணக்கைப் பார்த்தால் பூஜ்யம். பிஆருக்கு முதல் மாதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஐசிடியில் போய், அங்கே ஜெர்மன் கம்பெனியில் வேலை தேடி, ப்ளூ கார்டுக்கு மாறலாம்; சட்டம் தடுக்கவில்லை. தடுப்பது பெரும்பாலும் இங்கே கையெழுத்திட்ட பாண்ட். அதை வரி வரியாகப் படியுங்கள்.

தேதி போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகும். மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலாமவர் 2021 அக்டோபர் 1 அன்று மாஸ்டர்ஸ் படிக்க வந்தார். படித்து முடித்து, வேலை தேடும் அனுமதியில் சில மாதம் ஓட்டி, 2024 மார்ச் 1 அன்று ப்ளூ கார்டில் வேலையில் சேர்ந்தார். பி1 இருந்தால் பிஆர் 2025 டிசம்பர் 1. குடியுரிமைக்கு ஐந்து வருடம் நிறைவது 2026 அக்டோபர் 1.

இரண்டாமவர் அதே 2024 மார்ச் 1 அன்று இந்தியாவிலிருந்து நேராக ப்ளூ கார்ட் வேலைக்கு வந்தார். அவருக்கும் பிஆர் 2025 டிசம்பர் 1தான். குடியுரிமை 2029 மார்ச் 1.

மூன்றாமவர் அதே நாளில் ஐசிடியில் வந்து, 2026 மார்ச் 1 அன்று ப்ளூ கார்டுக்கு மாறினார். பிஆர் 2027 டிசம்பர் 1. குடியுரிமை 2029 மார்ச் 1, அதுவும் ஐசிடி ஆண்டுகளை நிலையான வசிப்பாக அலுவலகம் ஏற்றுக்கொண்டால்.

பிஆரில் முதலிருவரும் சமம், குடியுரிமையில் கிட்டத்தட்ட இரண்டரை வருட இடைவெளி. தம்பி முந்திக்கொள்ள வாய்ப்பு இருப்பது இதனால்தான்: படிக்கும் காலத்திலேயே அவன் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. அதற்கு விலையும் உண்டு. முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) வருடத்துக்கு 11,904 யூரோ போட வேண்டும், இந்திய மாணவர்களுக்குப் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம், வருடத்துக்கு 140 முழு நாள்தான் வேலை செய்யலாம். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தருவார்கள். அந்த 18 மாதத்துக்குள் படிப்புக்கேற்ற வேலை அமையாவிட்டால், ஓடிய கடிகாரத்துக்கு மதிப்பில்லை.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர் இதைப் பார்த்து, குடியுரிமைக்காகவே மாஸ்டர்ஸ் சேரலாமா என்று யோசிப்பதில் அர்த்தமில்லை. ப்ளூ கார்டில் வருபவருக்கும் வந்த நாளிலிருந்தே எண்ணிக்கை தொடங்குகிறது. மாணவருக்குக் கிடைப்பது முன்னதாகப் புறப்பட்டதன் பலன், வேகத்தின் பலன் அல்ல.

செவிலியர், தொழிற்பயிற்சி வழிகளில் போவோருக்கு ஒரு சொல். ஊரில் நர்சிங் முடித்துவிட்டு அங்கீகாரத்துக்காக 16டி அனுமதியில் போனால் நாட்கள் ஓடும். அங்கீகாரம் முடிந்து 18ஏக்கு மாறிய பிறகே விண்ணப்பிக்க முடியும். அவுஸ்பில்டுங் எனப்படும் தொழிற்பயிற்சி பலரும் கண்டுகொள்ளாத நல்ல வழி. மூன்று வருடப் பயிற்சி, பிறகு இரண்டு வருட வேலை, ஆக ஐந்தாம் வருட முடிவில் பிஆரும் குடியுரிமையும் ஒரே சமயத்தில் கைக்கெட்டும். பயிற்சிச் சம்பளத்திலிருந்தே ஓய்வூதியக் கட்டணமும் பிடிப்பார்கள்.

வாய்ப்பு அட்டை, அதாவது சான்சென்கார்ட், வேலை தேடுவதற்கான ஒரு வருட நுழைவுச்சீட்டு. வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலை செய்யலாம். அதைக் கொண்டு அங்கே போய்ச் சேரலாம், குடியேற முடியாது. ஃப்ரீலான்ஸ் அனுமதிக்குக் குடியுரிமை ஐந்து வருடம்தான் என்றாலும் பிஆர் அங்கே கடினம்: கம்பெனி தொடங்கியவர்களுக்குள்ள மூன்று வருடச் சலுகை ஃப்ரீலான்ஸருக்குக் கிடையாது, 60 மாத ஓய்வூதியச் சேமிப்பைத் தன் கையிலிருந்து கட்டிக் காட்ட வேண்டும். முதல் வருடத்திலிருந்தே கட்டாதவர்கள் ஐந்தாம் வருடம் திகைத்து நிற்பார்கள்.

கடிகாரம் எங்கே நிற்கும்? ஊருக்குப் போவதில்தான் அதிகம் நிற்கிறது. வெளிநாட்டில் தொடர்ந்து ஆறு மாதம் தாண்டினால் சாதாரண அனுமதி தானாகவே செத்துவிடும். ப்ளூ கார்டுக்கு அது 12 மாதம். இங்கேதான் ஒரு பொறி. ‘ப்ளூ கார்டுக்கு ஒரு வருடம் வரை பிரச்சினையில்லை’ என்று நம்பி, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று எட்டு மாதம் ஊரில் தங்கினால், கார்ட் பிழைக்கும். குடியுரிமைக் கணக்கு அறுந்துவிடும், ஏனென்றால் அங்கே எல்லை ஆறு மாதம்தான். முன்பு ஓடிய நாட்களில் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொள்வது அலுவலகத்தின் விருப்பம். கிளம்பும் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்துக்குக் காரணத்தைச் சொல்லி, இன்ன தேதிக்குள் திரும்புகிறேன் என்று எழுத்தில் கெடு வாங்கிக்கொண்டால், அந்தக் கெடுவுக்குள் திரும்பும்வரை கணக்கு அறாது. ஒரு மின்னஞ்சல்தான். போன பிறகு கேட்பதில் பலன் குறைவு.

சின்னச் சின்னப் பயணங்களுக்கும் ஒரு வரம்பு வந்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஆறு மாதத்துக்குள் இருந்தாலும், தேவையான காலத்தில் பாதியாவது ஜெர்மனி மண்ணில் இருந்திருக்க வேண்டும். வருடத்துக்கு நான்கைந்து மாதம் ஊரிலிருந்து வேலை பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் பாஸ்போர்ட் முத்திரைகளைக் கூட்டிப் பார்க்கவும். வீட்டை விட்டுக் கொடுத்து, முகவரிப் பதிவையும் நீக்கிவிட்டு ஊருக்குப் போனால் இன்னும் மோசம்: தற்காலிகமாகப் போகவில்லை, குடிபெயர்ந்துவிட்டார் என்று கொள்ள இடம் கொடுத்துவிட்டீர்கள். அப்போது ஆறு மாதமே தேவையில்லை, வெளியேறிய அன்றே அனுமதி போய்விடும்.

கார்ட் காலாவதியாகும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். சந்திப்பு நேரம் கிடைக்கவில்லை என்பது வேறு, விண்ணப்பிக்கவில்லை என்பது வேறு. காலாவதிக்கு முன் விண்ணப்பித்திருந்தால் முடிவு வரும்வரை பழைய அனுமதியே தொடர்வதாகச் சட்டம் கருதும்; அதற்கு ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்று ஒரு தாள் தருவார்கள். அந்த நாட்களும் எண்ணப்படும். மறந்துபோய்ச் சில நாள் தாமதமானால் குடியுரிமைச் சட்டம் அந்த இடைவெளியை மன்னிக்கிறது. ஆனால் வேலைக்குப் போகும் உரிமை அந்த இடைவெளியில் கேள்விக்குள்ளாகும், அது வேறு தலைவலி.

வேலை போனால்? இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. கம்பெனி தெரிவிக்கும் என்று இருந்துவிடாதீர்கள். அவர்களுக்கும் தனியாக ஒரு கடமை உண்டு, அது உங்கள் கடமையைத் தீர்க்காது. நீங்கள் கட்டிய காப்பீட்டிலிருந்து வரும் வேலையிழப்புப் பணம் குடியுரிமையைக் கெடுக்காது. குழந்தைப் பணமும் பெற்றோர் பணமும் கெடுக்காது. அடிப்படை வாழ்வாதார உதவி வாங்கினால்தான் சிக்கல். 2024 திருத்தம் இதை இறுக்கியது: முன்பு ‘என் தவறில்லை’ என்று நிரூபித்தால் போதும். இப்போதுள்ள முக்கிய விலக்கு, கடந்த 24 மாதத்தில் 20 மாதம் முழுநேர வேலை பார்த்தவருக்கும், அப்படிப்பட்டவரோடும் சிறு குழந்தையோடும் சேர்ந்து வாழும் துணைக்கும்.

பிஆர் இல்லாமலே குடியுரிமை வாங்கலாம் என்றால் பிஆருக்கு ஏன் 113 யூரோ கட்டி அலைய வேண்டும்? குழந்தை பிறக்க வாய்ப்புள்ள வீட்டில் இதுதான் முக்கியமான கேள்வி. ஜெர்மனியில் பிறக்கும் குழந்தை பிறந்த நொடியிலேயே ஜெர்மானியர் ஆக, பெற்றோரில் ஒருவர் ஐந்து வருடம் வசித்திருக்க வேண்டும், அத்தோடு பிறந்த அன்று காலவரையற்ற அனுமதியும் கையில் இருக்க வேண்டும். ஐந்தரை வருடமாக ப்ளூ கார்டில் இருப்பவர் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார், அந்தச் சமயத்தில் குழந்தை பிறக்கிறது. பிஆர் இல்லை என்ற ஒரே காரணத்தால் குழந்தைக்கு இந்தியப் பாஸ்போர்ட், வசிப்பு அனுமதி, பிறகு தனி விண்ணப்பம். பிஆர் இருந்திருந்தால் பிறப்புச் சான்றிதழோடு முடிந்திருக்கும். இது தவிர, பிஆர் வந்துவிட்டால் அனுமதி எந்தக் கம்பெனியையும் சார்ந்திருக்காது. குடியுரிமை விண்ணப்பம் ஊறப்போட்டிருக்கும் காலத்தில் வேலை போனாலும் நாட்டில் இருப்பதற்கு ஆபத்தில்லை.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு: ப்ளூ கார்ட் வேலையை எடுங்கள், சம்பளம் வரம்புக்கு மேல் இருக்கும்வரை. மாதம் சில நூறு யூரோ குறைவு என்பது, 21 மாதத்தில் வரும் பிஆரோடு ஒப்பிட்டால் பெரிதில்லை. இரண்டு வருடம் சம்பாதித்துவிட்டுத் திரும்புவதுதான் எண்ணம் என்றால் ஐசிடி தாராளமாகப் பொருந்தும்.

ஐந்து வருடத்தையும் தாள் வேலைக்குப் பயன்படுத்துங்கள். பி1 தேர்வை இரண்டாம் வருடத்திலேயே எழுதிவிட்டால் பிஆர், குடியுரிமை இரண்டுக்கும் அதே சான்றிதழ் ஓடும். குடியுரிமைத் தேர்வில் 33 கேள்வி, 60 நிமிடம், 17 சரியாக இருந்தால் தேர்ச்சி, பிஆருக்கு 15 போதும். 310 கேள்விகளும் முன்கூட்டியே வெளியிடப்பட்டவை, கட்டணம் 25 யூரோ. தேர்வு சுலபம், இடம் கிடைப்பதுதான் பெரிய நகரங்களில் பாடு. சான்றிதழ் காலாவதியாகாது, எனவே இன்றே பெயர் கொடுத்துவைக்கலாம். டிக்கெட் இல்லாமல் ரயிலில் பிடிபடுவது, குடித்துவிட்டு ஓட்டுவது போன்றவை குற்ற வழக்காகப் போனால், 90 நாள் வருமானத்துக்குள் அடங்கிய அபராதங்களைப் பெரும்பாலும் பொருட்படுத்த மாட்டார்கள். பல அபராதங்கள் சேர்ந்தால் கூட்டுவார்கள். இனவெறி, யூத வெறுப்பு நோக்கமுள்ள குற்றத்துக்கு இந்தச் சலுகை இல்லை.

இந்தியப் பிறப்புச் சான்றிதழ் விஷயத்தில் முன்கூட்டியே விழித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் வாங்கும் அப்போஸ்டில் முத்திரையை ஜெர்மனி ஏற்பதில்லை. அலுவலகத்துக்குச் சந்தேகம் வந்தால் ஜெர்மன் தூதரகம் வழியாக ஊரில் நேரடி விசாரணை நடக்கும், செலவு உங்களுடையது, மாதக்கணக்கில் பிடிக்கும். பெயர் இல்லாத பழைய பிறப்புப் பதிவு, பாஸ்போர்ட்டிலிருந்து ஒரு எழுத்து மாறிய பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறு தேதி எல்லாவற்றையும் ஊருக்குப் போகும்போதே நகராட்சியில் திருத்தி வாங்கி வரவும்.

நம்மவர்களுக்கே உரிய இன்னொரு தொல்லை குடும்பப் பெயர். தமிழ்ப் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலி, அல்லது அப்பா பெயர். மனைவிக்கு அவர் அப்பா பெயர், குழந்தைக்கு உங்கள் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர். காலியாக இருந்தால் ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக நிரப்பிவைக்கும், வங்கியில் ஒன்று, வரி எண்ணில் ஒன்று. குடியுரிமை கிடைத்ததும் பெயர் ஜெர்மன் சட்டத்தின் கீழ் வருகிறது. அப்போது எது முதற்பெயர், எது குடும்பப் பெயர் என்று பதிவு அலுவலகத்தில் அறிவித்துச் சீராக்கிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. புதுப் பாஸ்போர்ட் எடுப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுவது நல்லது. பின்னால் செய்தால் ஓசிஐ கார்ட் (வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) முதல் எல்லாவற்றையும் மறுபடி மாற்ற வேண்டும்.

விண்ணப்பக் கட்டணம் பெரியவருக்கு 255 யூரோ, கூடவே விண்ணப்பிக்கும் வருமானமில்லாத குழந்தைக்கு 51. துணையும் குழந்தைகளும் ஐந்து வருடம் நிறையாவிட்டாலும் உங்களோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம், முடிவு அதிகாரியின் கையில். துணைக்கும் மொழித் தகுதி வேண்டும். விண்ணப்பம் கிடப்பில் இருக்கும்போது வேறு நகரத்துக்கு மாறினால் கோப்பு அங்கே போய் மறுபடி வரிசையில் நிற்கும், முடிந்தவரை தவிர்க்கவும். எல்லாத் தாளும் கொடுத்தும் மூன்று மாதத்துக்கு மேல் காரணமில்லாமல் அசையாமல் கிடந்தால், முடிவெடுக்கச் சொல்லி நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட உரிமை உண்டு. தாள் குறைவாக இருக்கும்போது போட்டால் அந்த வழக்கு நிற்காது.

இந்தியக் குடிமக்கள் கடைசிப் படியில் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்றுக்கொண்டாலும் இந்தியா ஏற்கவில்லை. ஜெர்மன் குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்த அந்த நாளே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும், பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு வருடம் செல்லுபடி இருந்தாலும் சரி. இலங்கைக் குடிமக்களுக்கு நிலை வேறு. அங்கே இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழியுண்டு, ஜெர்மன் சான்றிதழ் வாங்கும் முன்பே தக்கவைத்துக்கொள்ள விண்ணப்பிப்பது மேல். இந்தியர்கள் பழைய பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்து சரண்டர் சான்றிதழ் வாங்கி, பிறகு ஓசிஐ எடுக்க வேண்டும். ஓசிஐ இருந்தால் விசா இல்லாமல் போகலாம், தங்கலாம், வீடு வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. ஊரில் வயல் வாங்கும் யோசனை இருந்தால் சான்றிதழ் நாளுக்கு முன் முடித்துவிடுங்கள்.

சான்றிதழ் நாளுக்கும் ஓசிஐ நாளுக்கும் இடையில் சில வாரமாவது, சில சமயம் மாதங்களும், இடைவெளி விழும். ஜெர்மன் பாஸ்போர்ட் அச்சாகி வரவே வாரங்கள் ஆகும். அதற்குள் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் பறந்தால் அபராதம். பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தால், சான்றிதழ் தரும் தேதியைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளக் கேட்கலாம். அல்லது எக்ஸ்பிரஸ் பாஸ்போர்ட் எடுத்து, அதில் இந்திய விசா வாங்கிப் போய்வரலாம்.